ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறதே, மறுபடி எதற்கு இரும்பு டெஸ்ட்?

கேள்வி: என் தங்கையும் மாப்பிள்ளையும் தத்தெடுத்த பெண் குழந்தை வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. வந்தபோது வயது ஒன்றேகால், எடை ஏழரை கிலோ. இப்போது ஒன்பதரை. நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். வந்த வாரமே ரத்தம் பார்த்தார்கள், ஹீமோகுளோபின் 11.4, ரத்தசோகை இல்லை என்றார்கள். இப்போது டாக்டர், "ஃபெரிட்டின் ஒரு தடவை பார்த்துவிடலாம்" என்கிறார். இவ்வளவு நன்றாக வளரும் குழந்தைக்கு எதற்கு மறுபடி ஊசி? இதற்கிடையில் காப்பகக் குழந்தைகளின் மூளை, ஜார்ஜியெஃப் என்ற அமெரிக்க டாக்டரின் ஆய்வு என்று எதையெதையோ படித்துவிட்டுத் தங்கை ராத்திரி தூங்குவதில்லை. இதில் எது உண்மை?

பதில்:

டெஸ்ட் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பில் இரும்புக் கையிருப்பு எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. குழந்தை நன்றாக வளர்கிறாள் என்பதுதான் எடுக்க வேண்டியதற்குக் காரணமே. கேட்க முரணாக இருக்கும், விளக்குகிறேன்.

நான் குழந்தை மருத்துவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நரம்பு செல் உயிரியல் என் துறை. ஆறேழு வருடம் எலிக்குட்டிகளின் மூளைச் செல்களைத் தட்டில் வளர்த்து, அவை கிளைவிடுவதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என் பிழைப்பு. ஜார்ஜியெஃப் குழுவின் கட்டுரைகள் அந்த வழியாகத்தான் எனக்குப் பழக்கமாயின. தத்துப் பிள்ளைகள் அதற்குள் எப்படி வந்தார்கள் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

முதலில் ஒரு மளிகைக் கணக்கு போடுவோம். சின்னக் குழந்தைக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 75 மில்லி ரத்தம். ஹீமோகுளோபின் 11.5 என்றால் அந்த 75 மில்லியில் எட்டரை கிராம் ஹீமோகுளோபின் இருக்கும். ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்குள் 3.4 மில்லிகிராம் இரும்பு. ஆக, குழந்தை ஒரு கிலோ கூடினால் புது ரத்தத்துக்கு மட்டும் ஏறக்குறைய 30 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உங்கள் தங்கை மகள் இரண்டு கிலோ கூடியிருக்கிறாள்: 60 மில்லிகிராம். தசைக்கு வேண்டியது தனி.

சரி, வரவு எவ்வளவு? இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 7 மில்லிகிராம் இரும்பு சாப்பாட்டில் போக வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. அது முழுசாகவே போவதாக வைத்துக்கொள்வோம். பருப்பு, சோறு, காய்கறியில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூடக் குடல் எடுத்துக்கொள்ளாது. தினம் அரை மில்லிகிராம் ரத்தத்தில் சேர்ந்தால் பெரிது. அதிலும் தோல், குடல் வழியாகத் தினமும் கால் மில்லிகிராம் அளவுக்கு வெளியே போய்விடும். ஐந்து மாதத்தில், அதாவது 150 நாளில், கையில் நிற்பது நாற்பதுகூடத் தேறாது. செலவு அறுபதுக்கு மேல். இது தோராயக் கணக்குதான், குழந்தைக்குக் குழந்தை மாறும். ஆனால் துண்டு விழுகிறது என்பது மாறாது. அந்தத் துண்டைக் கல்லீரலில் இருக்கும் கையிருப்பிலிருந்து எடுத்துத்தான் உடம்பு ஈடு கட்டுகிறது.

அந்தக் கையிருப்பைக் குழந்தை எங்கே சம்பாதித்தது? அம்மா வயிற்றில், பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில். அம்மாவுக்கே ரத்தசோகை இருந்து, குழந்தை எடை குறைவாகவோ மாதம் நிறையாமலோ பிறந்திருந்தால் ஆரம்பத்திலேயே பெட்டி பாதி காலி. தத்துக்கு வரும் குழந்தையின் பிறப்புக் கதை பல சமயம் கோப்பில் இரண்டு வரிதான் இருக்கும். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சொந்த வீட்டில், சொந்த அம்மாவிடம் வளரும் குழந்தைகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

"ஹீமோகுளோபின் 11.4 இருந்ததே?" என்பீர்கள். இந்த வயதுக் குழந்தைக்கு 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது பழைய கணக்கு; 2024-இல் உலகச் சுகாதார நிறுவனம் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அதை 10.5 ஆக்கியது. எப்படிப் பார்த்தாலும் அவள் பாஸ். ஆனால் ஜார்ஜியெஃப்பின் வேலை முழுக்க இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. இரும்பு தட்டுப்பாடான உடம்பில் முதல் பந்தி ரத்தத்துக்கு. மூளைக்கு அடுத்த பந்திதான். இலையில் என்ன மிச்சம் இருக்கிறதோ அது. ஹீமோகுளோபின் குறைந்து ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து விழும்போது மூளை ஏற்கெனவே கொஞ்ச நாளாகப் பட்டினி கிடந்திருக்கும்.

இதை அவர் முதலில் பார்த்தது தத்துப் பிள்ளைகளிடம் இல்லை, சர்க்கரை நோயுள்ள தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம். மைக்கேல் ஜார்ஜியெஃப் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பச்சிளங்குழந்தை மருத்துவர். அம்மாவின் சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் கருவுக்கு ஆக்சிஜன் தேவை கூடுகிறது. ஈடு கட்ட அது சிவப்பணுக்களை அள்ளி அள்ளி உற்பத்தி செய்கிறது. இருக்கிற இரும்பெல்லாம் அங்கே போய்விடுகிறது. இப்படிப் பிறந்து இறந்துபோன சில குழந்தைகளின் உறுப்புகளில் இரும்பை அளந்தபோது, கல்லீரலில் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, இதயத்தில் பாதிக்கும் குறைவு, மூளையில் சுமார் 40 சதவீதம் குறைவு. 1992-இல் வந்த ஆய்வு இது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் நிரம்பி வழிகின்றன, மூளையில் இரும்பு இல்லை!

உயிரோடு இருக்கும் குழந்தையின் மூளைக்குள் எட்டிப் பார்ப்பது எப்படி? அங்கே அப்போது இன்னொருவர் இருந்தார், சார்லஸ் நெல்சன், குழந்தைகளின் மூளை மின்னலையைப் படிப்பவர். பிறந்த குழந்தையின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி, அம்மாவின் குரலையும் அறிமுகமில்லாத ஒரு பெண்ணின் குரலையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். சாதாரணக் குழந்தையின் மூளை இரண்டுக்கும் வேறு வேறு அலை காட்டும். ஒன்பது மாதம் கேட்ட குரல் அல்லவா! இரும்புக் கையிருப்பு மிகக் குறைந்த குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் மங்கலாக இருந்தது. அடையாளம் காணும் ஞாபகம், ஹிப்போகேம்பஸ் என்கிற பகுதியின் வேலை. அந்தப் பகுதி வேகமாக வளரும் காலத்தில்தான் இரும்பு அங்கே தட்டுப்படுகிறது. நெல்சன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

தத்துப் பிள்ளைகள் வந்த கதைக்கு ருமேனியா போக வேண்டும். அந்த நாட்டின் சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966-இல் கருக்கலைப்பைத் தடை செய்தார். கருத்தடைச் சாதனமும் கிடைக்காது. வளர்க்க வழியில்லாதவர்கள் பிள்ளைகளை அரசுக் காப்பகத்தில் விட்டார்கள். 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது அந்தக் காப்பகங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் பெற்றோர்கள் போய் ஆயிரக்கணக்கில் அவர்களைத் தூக்கி வந்தார்கள். மினசோட்டாவில் டேனா ஜான்சன் என்ற மற்றொரு பச்சிளங்குழந்தை மருத்துவர், வெளிநாட்டிலிருந்து தத்து வரும் குழந்தைகளுக்கென்றே 1986-இல் ஒரு கிளினிக் ஆரம்பித்திருந்தார். ருமேனியாவிலிருந்து வந்த 65 குழந்தைகளைச் சோதித்து, ஜான்சனும் சக மருத்துவர்களும் 1992-இல் எழுதினார்கள்: உடலும் வளர்ச்சியும் சரியாக இருந்தவர்கள் வெறும் பத்துப் பேர். பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஹெபடைட்டிஸ் பி வந்துபோன அல்லது இருக்கிற அடையாளம். மூன்றில் ஒரு குழந்தையின் குடலில் ஒட்டுண்ணி. காப்பகத்தில் மூன்று மாதம் இருந்தால் உயரத்தில் ஒரு மாத வளர்ச்சி போய்விடுகிறது என்று ஜான்சன் சொன்ன கணக்கை இன்றைக்கும் தத்தெடுப்பு மருத்துவர்கள் சொல்வார்கள்.

ஒரே வளாகத்தில் ஒரு பக்கம் இரும்பும் மூளையும், இன்னொரு பக்கம் காப்பகத்திலிருந்து வரும் குழந்தைகள். மூன்றாவதாக மேகன் கன்னர் என்ற உளவியலாளர், குழந்தைகளின் எச்சிலில் கார்டிசால் என்ற ஹார்மோனை அளந்து மன அழுத்தத்தைப் படிப்பவர். இவர்கள் கூட்டு சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

இனி என் பேட்டை. செல்லுக்கு இரும்பு எதற்கு?

எலிக் கருவின் ஹிப்போகேம்பஸிலிருந்து செல்களைப் பிரித்து, பசைப்பூச்சுப் பூசிய கண்ணாடிச் சில்லில் விட்டால், முதல் சில மணி நேரம் உருண்டை உருண்டையாக, ஓரத்தில் ஜாலர் வைத்தது போல் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் ரோஸ் நிறத் திரவம், அதுதான் அவற்றின் சாப்பாடு. மறுநாள் பார்த்தால் நாலைந்து குட்டி முளைகள். அதில் ஒன்று மட்டும் திடீரென்று ஓட ஆரம்பிக்கும்; அதுதான் ஆக்சான், செய்தி அனுப்பும் இழை. மற்றவை நின்று நிதானமாக, நான்கைந்து நாள் கழித்து டென்ட்ரைட்டுகளாகக் கிளை பிரியும், செய்தி வாங்குவதற்கு. இரண்டு மூன்று வாரத்தில் பக்கத்துச் செல்லோடு இணைப்பு விழுந்துவிடும். நான் முதல் வருடம் ஒரு நீண்ட வார இறுதிக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது ரோஸ் திரவம் மஞ்சளாகிக் கிடந்தது. அமிலம் ஏறிவிட்டது என்று அர்த்தம். கிளையெல்லாம் மணி மணியாக உடைந்து கிடந்தது. செல்லுக்குத் தீபாவளி லீவு கிடையாது என்று அன்றைக்குப் புரிந்தது.

அந்தக் கிளைகளுக்குள் மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சாயம் ஏற்றிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. எறும்புச் சாரி போல முன்னும் பின்னும் ஊர்ந்துகொண்டே இருக்கும். கிளை பிரியும் இடத்தில் நிற்கும், யோசிக்கும், போகும். செல்லின் மின் உற்பத்தி அங்கேதான். அந்த உற்பத்திச் சங்கிலியில் ஒவ்வொரு கட்டத்திலும் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. பிறந்த குழந்தையின் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய 60 சதவீதத்தை மூளையே தின்றுவிடுகிறது; பெரியவர்களுக்கு 20 சதவீதம்தான். கிளைவிடும் காலத்து மூளைக்கு அவ்வளவு பசி. ஜார்ஜியெஃப் குழுவில் தாமஸ் பாஸ்டியன், இப்படித் தட்டில் வளரும் நியூரான்களுக்கு இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். செல் சாகவில்லை. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் சக்தி உற்பத்தி இறங்கியது, டென்ட்ரைட்டுக்குள் அவற்றின் நடமாட்டம் மந்தமானது, கிளைகள் குட்டையாகவும் குறைவாகவும் நின்றுவிட்டன. நரம்பு இழைக்கு மயலின் உறை போடும் செல்களுக்கும் இரும்பு வேண்டும். மூளைச் செல்கள் செய்தி கடத்தப் பயன்படும் டோபமைனைத் தயாரிக்கும் நொதிக்கும் வேண்டும். ஞாபகம், வேகம், கவனம் மூன்றிலும் இரும்புக் குறைவு கை வைப்பது இதனால்தான்.

தட்டில் நடப்பது தலைக்குள் நடக்குமா என்று சந்தேகப்படுவது நியாயம். இரும்பில்லாத தீனி போட்டு எலியை வளர்த்தால் அதற்கு ரத்தசோகையும் வரும். மந்தமாக இருப்பது மூளையில் இரும்பு இல்லாததாலா, மூச்சு வாங்குவதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு அழகானது. ஹிப்போகேம்பஸ் நியூரான்களில் மட்டும் இரும்பு உள்ளே வரும் கதவு வேலை செய்யாதபடி மரபணு மாற்றிய சுண்டெலிகள். உடம்பு முழுக்க இரும்பு சரி, ரத்தம் சரி. அந்தச் செல்களுக்கு மட்டும் பட்டினி. கூடவே ஒரு ஸ்விட்ச்: டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் கதவு மறுபடி திறந்துகொள்ளும். ஆமாம், நாம் காய்ச்சலுக்குச் சாப்பிடும் அதே ஆன்டிபயாட்டிக்.

கலங்கிய தண்ணீர்த் தொட்டியில், நீர்மட்டத்துக்குக் கீழே ஒளிந்திருக்கும் மேடையைத் தேடி நீந்த வேண்டும், அதுதான் பரீட்சை. பட்டினிச் சுண்டெலிகள் தடுமாறின. ரத்தசோகை இல்லாமலேயே! அப்புறம் ஸ்விட்ச். 21-ஆம் நாள், அதாவது குட்டி பால் மறக்கும் சமயம், கதவைத் திறந்துவிட்டவை வளர்ந்த பிறகு மற்ற எலிகளைப் போலவே மேடையைக் கண்டுபிடித்தன. டென்ட்ரைட்டுகளும் ஒழுங்காக இருந்தன. 42-ஆம் நாள் திறந்துவிட்டவற்றுக்கு இரும்பு கிடைத்தும் ஞாபகம் திரும்பவில்லை. கிளைகள் கோணலாகவே நின்றன. 2012-இல் வந்த இந்தக் கட்டுரையை நான் நாலைந்து தடவையாவது படித்திருப்பேன். மூன்று வாரம்தான் வித்தியாசம்.

எலியின் நாளை மனிதக் குழந்தையின் மாதமாக மாற்றி, "அப்படியானால் என் மகளுக்கு இத்தனை மாதம்தான் கெடு" என்று யாரும் கணக்குப் போடக் கூடாது. இதைத் தங்கையிடம் அழுத்திச் சொல்லுங்கள். எலி நமக்குச் சொல்வது: மூளை கட்டப்படும் காலத்தில் இரும்பு தேவை, பின்னால் கொடுப்பதைவிட முன்னால் கொடுப்பது மேல். தேதி சொல்லவில்லை.

இப்போது தத்துப் பிள்ளைகள். ரஷ்யாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலிருந்தும் தத்து வந்த, ஏறக்குறைய உங்கள் தங்கை மகள் வயதுக் குழந்தைகளை, வந்தவுடன் ஒரு தடவையும் ஆறு மாதம் கழித்து ஒரு தடவையும் சோதித்தார்கள். 2008-இல் வெளியான ஆய்வு. புது வீட்டில் நல்ல சாப்பாடு, ஆறு மாதத்தில் இரும்பு சரியாகியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சரியாகவில்லை. பிரச்சினை தொடர்ந்தது, வேகமாக வளர்ந்த குழந்தைகளிடம்தான் கையிருப்பு அதிகமாக இறங்கியது. மேலே போட்ட மளிகைக் கணக்கு இதுதான். காப்பகத்தில் வளர்ச்சி நின்றுபோன குழந்தை, வீட்டுக்கு வந்ததும் விட்டதைப் பிடிக்க ஓடுகிறது. அந்த ஓட்டத்துக்கு இரும்பு எரிகிறது. வந்த வாரம் எடுத்த ரிப்போர்ட் ஓட்டம் தொடங்குவதற்கு முந்தைய கணக்கு. அதனால்தான் உங்கள் டாக்டர் மறுபடி கேட்கிறார். நல்ல டாக்டர் என்று நினைக்கிறேன்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயம்: குடலில் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி இருந்த குழந்தைகளுக்கு இரும்புக் குறைவு அதிகம். இரும்பை உறிஞ்சுவது சிறுகுடலின் ஆரம்பப் பகுதி, ஜியார்டியா கூடாரம் போடுவதும் அங்கேயே. எத்தனை சொட்டு மருந்து ஊற்றினாலும் அது இருக்கும்வரை பாதி வீண்.

பிறகு வந்த ஆய்வுகளில், வீட்டுக்கு வந்த ஒரு வருடம் கழித்துக் குழந்தைகளின் அறிவுத்திறனையும், பொறுத்திருப்பது, நினைவில் வைத்துச் செய்வது போன்ற திறன்களையும் சோதித்தார்கள். காப்பகத்தில் அதிக காலம் இருந்தவர்கள் பின்தங்கினார்கள், அது எதிர்பார்த்தது. புதிது என்னவென்றால், வந்தபோது இரும்புக் குறைவு இருந்தவர்களும் பின்தங்கினார்கள். காப்பக காலம் தன் பங்குக்கு, இரும்புக் குறைவு தன் பங்குக்கு என்று இரண்டும் தனித்தனியாகவே அந்தப் பின்னடைவோடு சேர்ந்து வந்தன. அதுவரை எல்லோரும் அன்பில்லை, அணைப்பில்லை, பேச்சுக் கொடுக்க ஆளில்லை என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். உண்மைதான். ஆனால் அதே குழந்தைக்கு இரும்பும் இல்லையே என்று கேட்டது இந்தக் கூட்டணி. எனக்கு இதில் பிடித்தது இந்தக் கேள்விதான். அணைப்பை ஆய்வகத்தில் அளக்கக் கஷ்டம். இரும்பை இரண்டு மில்லி ரத்தத்தில் அளந்துவிடலாம், குறைந்தால் சில மாதத்தில் ஏற்றிவிடலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இரண்டும் சேர்ந்து இருக்கின்றன என்று காட்டும் ஆய்வுகள் இவை; ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நிரூபிப்பவை அல்ல. இரும்பு குறைந்த குழந்தைக்கு அம்மாவின் மது, குறைமாதம், தொற்று என்று இன்னும் பத்துக் காரணங்கள் ஒளிந்திருக்கலாம். இரும்பு மட்டுமே எல்லாம் என்று ஜார்ஜியெஃப்பும் சொல்லவில்லை.

அணைப்பின் பக்கத்துச் சாட்சிக்குத்தான் நெல்சன் திரும்ப வருகிறார். நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா இருவருடன் சேர்ந்து புகாரெஸ்ட் நகரத்தின் காப்பகங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்து, சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேரை வளர்ப்பு வீடுகளில் விட்டார்கள். மற்றவர்கள் வழக்கமான ஏற்பாட்டிலேயே இருந்தார்கள். அன்றைக்கு அந்த நகரத்தில் வளர்ப்பு வீடு என்ற ஏற்பாடே அநேகமாக இல்லை, இவர்களே ஆள் தேடி, சம்பளம் கொடுத்து உருவாக்கினார்கள். சீட்டுக் குலுக்கிக் குழந்தையின் தலையெழுத்தை முடிவு செய்யலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கும் அதில் உறுத்தல் உண்டு. முடிவு: வீட்டுக்குப் போன குழந்தைகளின் அறிவுத்திறன் உயர்ந்தது, இரண்டு வயதுக்குள் போனவர்களுக்கு அதிகம். ஸ்கேனில், மூளையின் சாம்பல் பகுதி இரண்டு தரப்பிலும் குறைவாகவே இருந்தது. நரம்பு இழைகள் ஓடும் வெள்ளைப் பகுதி மட்டும் வீட்டுக்குப் போனவர்களிடம் மீண்டு வந்திருந்தது. ருமேனியா 2005 முதல் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் வைப்பதை, கடுமையான ஊனம் உள்ளவர்களைத் தவிர, சட்டத்தால் நிறுத்தியது.

தங்கை படித்துப் பயந்தது அநேகமாக லண்டன் ஆய்வாக இருக்கும். மைக்கேல் ரட்டர் தொடங்கி, பிறகு எட்மண்ட் சொனுகா-பார்க் நடத்தியது. பிரிட்டனுக்குத் தத்து வந்த 165 ருமேனியக் குழந்தைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார்கள். 2020-இல் வெளியான ஸ்கேன் முடிவில், இளைஞர்களாகிவிட்ட அவர்களின் மூளை, பிரிட்டனுக்குள்ளேயே தத்தெடுக்கப்பட்டவர்களின் மூளையைவிடச் சராசரியாக 8.6 சதவீதம் சிறியது. காப்பகத்தில் ஒவ்வொரு மாதத்துக்கும் மூன்று கன சென்டிமீட்டர் குறைவு. இந்த எண் தலைப்பாகிவிட்டது. அதே ஆய்வு 2017-இல் சொன்னதை யாரும் தலைப்பாக்கவில்லை: ஆறு மாதத்துக்குள் வீட்டுக்கு வந்தவர்கள் மற்றத் தத்துப் பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள், அதற்குப் பிறகு வந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எந்த வயதிலும் எந்தப் பிரச்சினையும் தென்படவில்லை, சிறு வயதில் அறிவுத்திறன் பின்தங்கியவர்கள் பலர் இருபதுகளில் எட்டிப் பிடித்துவிட்டார்கள். அந்த ருமேனியக் காப்பகங்கள் எப்படிப்பட்டவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: குழந்தையைத் தொட்டிலைவிட்டுத் தூக்க ஆளில்லாத இடங்கள். இணையத்தில் சுற்றும் "பராமரிப்பில்லாத மூளை, பராமரித்த மூளை" என்ற இரட்டை ஸ்கேன் படத்தை ஃபோனில் இருந்தால் அழித்துவிடச் சொல்லுங்கள். மிக மோசமாகப் புறக்கணிக்கப்பட்ட ஒரு குழந்தையின் படத்தை வைத்து எல்லாக் குழந்தைகளுக்கும் ஜோசியம் சொல்லும் வேலை அது.

மேகன் கன்னர் குழு 2019-இல் சொன்னது எனக்கு இன்னும் ஆறுதல். காப்பகத்திலிருந்து வந்த குழந்தைகளின் கார்டிசால் எதிர்வினை மழுங்கியிருக்கும்; பருவம் எய்தும் சமயத்தில் அது மற்றப் பிள்ளைகளைப் போல் மறுபடி சீரமைந்துகொள்கிறது. நல்ல வீட்டில் இருந்தால். மூளைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் மூடிவிட்டது என்ற பேச்சு அவ்வளவு சரியில்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன்.

ஃபெரிட்டின் என்பது கையிருப்புப் பெட்டி. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு 12-க்குக் கீழே போனால் குறைவு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆனால் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். அப்போது 30-க்குக் கீழே இருந்தாலே குறைவு. அதனால் சளி பிடித்திருக்கும் வாரத்தில் எடுக்க வேண்டாம், எடுத்தால் உடம்பில் தொற்றோ அழற்சியோ இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி டெஸ்ட்டும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள், அதே ஊசிதான். சிவப்பணு அளவு சின்னதாக வந்து ஃபெரிட்டின் நன்றாக இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாற்றின் சாயலா என்று டாக்டர் பார்ப்பார். அதற்கு இரும்பு கொடுத்துப் பயனில்லை. மலப் பரிசோதனையையும் கையோடு முடித்துவிடுங்கள். ஜியார்டியா ஒரு நாள் தெரியும், மறுநாள் தெரியாது. இரண்டு மூன்று தடவை மாதிரி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று டெஸ்ட் எடுக்காமலே இரும்பு டானிக் ஆரம்பிப்பதை மட்டும் செய்ய வேண்டாம். சிலியில் பெட்ஸி லோசாஃப் நடத்திய ஆய்வில், ஏற்கெனவே ஹீமோகுளோபின் அதிகமாக இருந்த குழந்தைகளுக்கு இரும்பு கூடுதலாகச் சேர்த்த பால்மாவு கொடுத்ததில், பத்து வயதில் அவர்களின் மதிப்பெண்கள் குறைந்தே இருந்தன. குறைந்தாலும் கெடுதல், தேவையில்லாமல் கூடினாலும் கெடுதல். பாட்டிலையும் பீரோவுக்குள் பூட்டி வையுங்கள். இனிப்பான இரும்பு மருந்தைக் குழந்தை மொத்தமாகக் குடித்தால் அது விஷம்.

குறைவு என்று வந்து டாக்டர் சொட்டு மருந்து எழுதினால், பாலோடு கலக்காமல், சாத்துக்குடிச் சாற்றோடு கொடுங்கள். பல் கறுத்துவிடும் என்று பயப்பட வேண்டாம், உள் கன்னத்துப் பக்கம் விட்டு வாயைத் துடைத்துவிட்டால் போதும். மலம் கறுப்பாகப் போகும், அது மருந்தின் வேலை. ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று ஒரு மாதத்தில் நிறுத்திவிடாதீர்கள். முதல் பந்தி முடிந்திருக்கிறது, அவ்வளவுதான். பெட்டி நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் ஆகும், எப்போது நிறுத்துவது என்பதை ஃபெரிட்டின் பார்த்து டாக்டர் சொல்வார்.

சாப்பாட்டில் நான் பார்த்தவரை, தத்தெடுத்த வீடுகளில் நடக்கும் தப்பு ஒன்று உண்டு: பால். இளைத்து வந்த குழந்தை ஆயிற்றே என்று பாட்டி ஒரு டம்ளர், அம்மா ஒரு டம்ளர், தூங்கும்முன் ஒரு பாட்டில். பசும்பாலில் இரும்பு அநேகமாக இல்லை. வயிற்றையும் அடைத்து, மற்ற சாப்பாட்டின் இரும்பையும் உறிஞ்ச விடாது. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். டிகாஷன் கலந்த பால் வேண்டவே வேண்டாம். முருங்கைக்கீரையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். கீரையின் இரும்பு உள்ளே போவது கொஞ்சம்தான், ஒரு துளி எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் கூடும். அசைவம் சாப்பிடும் வீடென்றால் ஈரலும் மீனும்தான் சுலபமான வழி. ஆட்டு ஈரலை வாரம் ஒரு தடவை, இரண்டு ஸ்பூன் மசித்து ரசம் சாதத்தோடு. அதற்கு மேல் வேண்டாம், ஈரலில் வைட்டமின் ஏ எக்கச்சக்கம்.

எண்கள் வந்ததும் இங்கேயே எழுதுங்கள், ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், சிஆர்பி மூன்றும். ஹீமோகுளோபினை மட்டும் எழுதிக் கேட்டால் என்னிடம் பதில் இருக்காது.